அரசியல் தெரியாத நல்லவர் எங்களுக்கு முதலமைச்சராக வேண்டாம்

வடக்கில் தேர்தல் கேட்கும் தமிழ்க் கட்சிகளின் வேட்பாளர் நியமனக் குழுக்களில் இருக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

போன மாதம் உங்களில் ஒரு கட்சியைச் சேர்ந்தவர் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்திருந்தார். மாகாண சபைத் தேர்தல் நடந்தால் முதலமைச்சர் வேட்பாளராக யாரைப் போடுவீர்கள் என்று பின்வாங்கிலில் இருந்த ஒரு பொடியன் கேட்டான். வந்தவர் சிரித்துக்கொண்டு, "அரசியல் அழுக்கே படாத, நல்லாப் படிச்ச, உலகம் தெரிஞ்ச ஒராளைக் கொண்டு வரப்போறம், பேரைக் கேட்டா நீங்களே எழும்பிக் கை தட்டுவீங்கள்" என்றார். சனம் அப்போதே தட்டிவிட்டது. நானும் தட்டினேன், பழக்கதோசம். வீட்டுக்கு வந்து பாயில் சரிந்த பிறகுதான் அந்த "அழுக்கே படாத" என்ற சொல் உறுத்தத் தொடங்கியது.

அழுக்குப் படாதவர் என்றால் யார்? ஒரு பிரதேச சபை அமர்வில்கூட இருந்திராதவர். தண்ணீர் பவுசர் ஏன் இன்னும் வரவில்லை என்று ஒரு தாயிடம் நடுவீதியில் பேச்சு வாங்கியிராதவர். வாக்குக் கேட்டுத் தோற்று, அடுத்த நாள் அதே ஒழுங்கையால் சைக்கிளில் போயிராதவர். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் எடுத்த எடுப்பிலேயே மாகாணத்தின் முதல் கதிரையில் இருத்தப்போகிறீர்கள், அதையே அவருடைய தகுதியாகவும் சொல்கிறீர்கள்.

நான் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரன். 11 வருடமாக எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை, ஆனால் ஏதோ ஒரு தேர்தலில் உங்கள் எல்லாருக்கும் வாக்குப் போட்டிருக்கிறேன், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் குளத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். குளத்தின் பெயரைச் சொன்னால் யார் எவர் என்று தெரிந்துவிடும், ஆகவே அது கிடக்கட்டும். அதன் கீழ் 140 ஏக்கர் வயல். சில வருடங்களுக்கு முன் குளத்துத் தண்ணீரைத் திறந்து பூட்டுகிற துருசுக் கதவு இத்துப்போய், பூட்டினாலும் கையளவு தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. மண்மூட்டை வைத்தோம், வைக்கோல் திணித்தோம், ஒருமுறை யாரோ ஒரு பழைய சீலையைக்கூடச் சுருட்டி அடைத்தார்கள். சிறுபோகத்துக்கென்று தேக்கி வைத்த தண்ணீர் வாய்க்காலில் சும்மா ஓடியது. அந்த நேரம் எங்களுக்குப் புதிதாக ஒரு பிரதிநிதி வந்திருந்தார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், கை சுத்தம், நல்ல மனிசன். சப்பாத்துக் காலோடு குளக்கட்டில் ஏறி, அலைகரையால் இறங்கி, துருசை எட்டிப் பார்த்து, "இதை நான் விடமாட்டன்" என்றார். விடவும் இல்லை. அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இருபது நிமிடம் கதைத்தார். வன்னியின் குளங்கள், வன்னியை ஆண்ட பண்டார வன்னியன், முன்னோரின் நீர் மேலாண்மை என்று அருமையான தமிழ். நீர்ப்பாசனத் திணைக்களத்தைப் பிடித்து ஏசு ஏசென்று ஏசினார்.

நீர்ப்பாசன அதிகாரி முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பி, ஐயா, இந்தக் குளம் எங்களுடையதில்லை, 200 ஏக்கருக்குக் குறைந்த சிறு குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழே வருகிறது என்றார். கமநலத்தைக் கேட்டால், எங்களுக்கு மதிப்பீடே வரவில்லை என்றார்கள். தலைமை தாங்கியவர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். பின்வரிசையில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்த மனிசனில் எனக்குக் கோபம் இல்லை, கவலைதான் வந்தது. அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் மாரி வந்தது, மார்கழியில் ஒரு இரவு துருசடியால் கட்டு அரித்துக்கொண்டு போனது. விடியப் போய்ப் பார்த்தால் முழங்காலளவு நின்ற பயிருக்கு மேலே மணல். 60 ஏக்கர்.

பிறகு அந்தத் துருசைக் கட்டுவித்தது யார் தெரியுமா? சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட ஒரு பழைய பிரதேச சபை உறுப்பினர். பொலித்தீன் பையில் கோப்புகளைச் சுற்றி மோட்டார் சைக்கிளின் முன்னால் கொழுவிக்கொண்டு திரிவார். என்னைக் கூப்பிட்டு முதலில் கேட்டது, "கடிதத்தின்ர கொப்பியில சீல் அடிச்சு வாங்கினனியோ?" நான் வாங்கவில்லை. அப்போ நீ கடிதமே குடுக்கேல்லை என்றார். தொழில்நுட்ப உத்தியோகத்தரை ஒரு சனிக்கிழமை கூட்டி வந்து அளக்க வைத்தார். மதிப்பீட்டை பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் வைத்து, கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று எழுத்தராக இருந்த பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மாவட்டக் கூட்டம். இன்னொன்றும் சொல்லித் தந்தார், அது எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்காதது: ஐப்பசி கார்த்திகையில் எந்தத் திணைக்களத்தில் செலவழிக்காத காசு கிடக்கிறது என்று விசாரித்து வைக்க வேண்டும், வருட முடிவில் அது திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும், அந்த நேரம் மதிப்பீட்டோடு ஆயத்தமாக நிற்கிறவனுக்கு வேலை நடக்கும். அடுத்த ஆவணியில் எங்களுக்குப் புதுத் துருசு.

இந்த மனிசன் ஒருமுறை மாகாண சபைக்கு இடம் கேட்டவர். படிப்புக் காணாதென்று சொல்லி ஒரு கட்சி திருப்பி அனுப்பியது. அந்த இடத்துக்குப் போட்டவரை நாங்கள் தேர்தலுக்குப் பிறகு ஊர்ப்பக்கம் காணவில்லை.

ஒரு குளத்துத் துருசுக்கே இவ்வளவு என்றால் ஒரு மாகாணத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யோசிக்கவும் தேவையில்லை, பார்த்திருக்கிறோம். 2013 செப்டெம்பர் 21 அன்று வடக்கு மாகாண சபைக்கு முதன்முதலாக வாக்குப் போட்டோம். 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். போர் முடிய எங்கள் சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாம் மூடி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, தறப்பாள் கொட்டிலில் இருந்து வந்து வரிசையில் நின்று போட்ட வாக்கு அது. முதலமைச்சராக வந்த விக்னேஸ்வரன் ஐயா உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர், அதற்கு முன் எந்தச் சபையிலும் இருந்ததில்லை. அவருடைய நேர்மையில் எனக்குக் கேள்வி இல்லை. 2015 பெப்ரவரியில் நிறைவேற்றிய இனப்படுகொலைத் தீர்மானம் எங்கள் மனதில் இருந்ததைச் சொன்னது, அதையும் மறக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதினால் அது நடக்கும், சபையில் தீர்மானம் எழுதினால் அது ஒரு கோப்புக்குள் போய்ப் படுக்கும். நூற்றுக்கணக்கான தீர்மானங்கள் அப்படிப் படுத்தன.

1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தில், காசு சம்பந்தப்பட்ட நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை இயற்றுகிற சட்டம், எதையும் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபைக்கே கொண்டுவர முடியாது. அந்த ஆளுநரை நியமிப்பது சனாதிபதி. முதலமைச்சர் நிதியம் ஐந்து வருடமும் ஒப்புதலுக்கு இழுபட்டு, கடைசிவரை அமைக்கப்படவே இல்லை. வெளிநாட்டில் இருந்து எங்கள் பிள்ளைகள் அனுப்பக் காத்திருந்த காசுக்கு ஒரு பெட்டி இல்லாமல் போனது. தடுத்தது கொழும்பு என்பது எனக்கும் தெரியும், பழியை நான் மாற்றிப் போடவில்லை. ஆனால் தடுப்பார்கள் என்பது தெரிந்துதானே தேர்தலில் இறங்கினோம்? தடுக்கிறவனோடு எங்கே மோதுவது, எங்கே பேசி எடுப்பது, எதைப் பிரதேச சபைகள் ஊடாகச் செய்வது என்று பார்க்கிற பழக்கம் ஒரு நாளில் வராது. வெளியே போகட்டும், தன் பக்கத்து 30 பேரை ஒன்றாக வைத்திருக்கவும் அந்தப் பழக்கம் வேண்டும். 2017 ஆனியில் மாகாண அமைச்சர்கள் மீதான ஊழல் விசாரணை முற்றி, சொந்தப் பக்கத்து உறுப்பினர்களே முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்த ஆளுநர் எங்களுக்குத் தடை என்று சொன்னோமோ அவரிடமே எங்கள் சண்டையை எடுத்துக்கொண்டு போனோம். கிழமைக் கணக்காகப் பத்திரிகை முழுக்க அதுதான். எங்கள் குளம் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

தெற்கிலும் இதே ஆசை வந்தது, அதன் விலையையும் நாங்கள்தான் கொடுத்தோம். கோட்டாபய ராஜபக்ச 2019 கார்த்திகையில் சனாதிபதியாக வந்தபோது, அதற்கு முன் அவர் ஒரு தேர்தலிலும் நின்றதில்லை. இராணுவம், பிறகு பாதுகாப்புச் செயலாளர். அரசியல்வாதி இல்லை, வேலைகாரன் என்று சொல்லித்தான் அவரை விற்றார்கள். வன்னியில் நாங்கள் பெரும்பாலும் அவருக்குப் போடவில்லை, ஆனால் உரம் எல்லாருக்கும்தானே நின்றது. 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார். ஒரு பிரதேச சபைக்காவது வாக்குக் கேட்டு வரம்பில் நின்ற ஒருவர் அதைச் செய்திருப்பாரா? கட்டளை போட்டால் கீழே உள்ளவன் செய்வான் என்று பழகியவருக்கு, நெற்பயிர் கட்டளை கேட்காது என்று சொல்லக் கிட்ட ஒராள் இல்லை. கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், அதற்குள் காலபோகம் விதைத்தாயிற்று. மூன்று ஏக்கரில் 70 மூட்டை எடுக்கிற நான் அந்தப் போகம் 26 எடுத்தேன். நெல் வெளிறிப்போய், கையில் உருவினால் பாதி சப்பி. அடுத்த வருடம் ஒரு அந்தர் (50 கிலோ) யூரியாவுக்கு முப்பது நாற்பதாயிரம் கேட்டார்கள். 2022 ஆடியில் அவர் நாட்டை விட்டுப் போனார், நாங்கள் அடகு வைத்த நகையை மீட்க இன்னும் இரண்டு வருடம் எடுத்தது.

சரி, இப்போது நீங்கள் சொல்லப்போவது தெரியும். அந்த அமைச்சரவையில் முப்பது வருட அனுபவம் உள்ளவர்கள் நிறைய இருந்தார்கள்தானே, அவர்கள் என்ன கிழித்தார்கள்? கிழிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். எங்கள் பக்கமும் அப்படித்தான். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றுகிற திருத்தச் சட்டம் வந்தபோது எங்கள் அனுபவசாலிகளும் ஆதரவாக வாக்களித்தார்கள். அடுத்த வருடம் புதிய முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்றது, பழைய முறையும் இல்லை புதிய முறையும் இல்லை என்றாகி, 2018 ஐப்பசியோடு எங்கள் சபை முடிந்தது முடிந்ததுதான். கதிரையில் இருந்த வருடங்களை எண்ணி அதுதான் அனுபவம் என்று நான் சொல்ல வரவில்லை. இருபது வருடம் பாராளுமன்றம் போய்வந்து, ஊருக்கு வந்தால் மாலைக்குக் குனிகிறதை மட்டும் வடிவாகப் பழகியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களையும் எடுத்துவிடுங்கள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

2024இல் புதுமுகங்கள்தானே அலையாக வந்தார்கள் என்றும் சொல்வீர்கள். வந்தார்கள், வன்னியின் ஆறு ஆசனங்களில் இரண்டை தேசிய மக்கள் சக்தி எடுத்தது, அது உங்கள் மேல் சனத்துக்கு இருந்த வெறுப்பு. ஆனால் அந்தப் புதுமுகங்களுக்கு முன்னால் நின்றவரைப் பாருங்கள். அவர்களின் தலைவர், 2024இல் சனாதிபதியான அநுர குமார திசாநாயக்க, 2000ஆம் ஆண்டு பாராளுமன்றத்துக்கு வந்தவர். 2004இல் விவசாய அமைச்சர். 2019இல் நூற்றுக்கு மூன்று வீதம் எடுத்துத் தோற்று, மீண்டும் போய் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர். 24 வருடம் பழகிய ஒராளை முன்னுக்கு விட்டுத்தான் அவர்கள் புதியவர்களைக் கொண்டு வந்தார்கள். நீங்கள் எங்களுக்குத் தரப்போவது தலைகீழாக இருக்கிறது: மேலே ஒன்றும் பழகாத ஒருவர், அவருக்குப் பின்னால் பழைய ஆட்கள் அதே இடத்தில்.

அனுபவம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்குக் கிட்டடியில் நடந்த ஒன்று. 2025 மார்ச் 28 அன்று வந்த வர்த்தமானியில் காணி நிருணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல் அறிவித்திருந்தார்கள், அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராத காணி அரசுக்குப் போகும் என்று இருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேரின் உறுதியும் பெர்மிற்றும் 2009இல் கடைசிச் சண்டை நடந்த மாத்தளனில் ஒரு ரங்குப் பெட்டியோடு போனது, இன்னும் கனபேர் கனடாவிலும் இந்தியாவிலும் அகதி முகாமிலும். இது எங்கள் காணிக்கு வைத்த கெடு என்று அந்த வறண்ட மொழியை வாசித்துப் பிடிக்க ஒரு கண் வேண்டும். அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன தமிழரசுக் கட்சிச் சட்டத்தரணி சுமந்திரன் 2024இல் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் தோற்றவர். அவருடைய அரசியலில் எனக்கு ஒத்துப்போகாத விடயம் கனக்க உண்டு. ஆனால் 2025 ஆனி 27ஆம் திகதி இடைக்காலத் தடை வந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு கிழவி கோயிலுக்குக் கற்பூரம் கொளுத்தப் போனதையும் நான்தான் பார்த்தேன்.

இன்னொரு கணக்கையும் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 2013இல் இரண்டு போனஸ் ஆசனம் தவிர மாவட்ட ரீதியாக மாகாண சபைக்குத் தெரிவான 36 பேரில் யாழ்ப்பாணம் 16. கிளிநொச்சி 4, முல்லைத்தீவு 5, மன்னார் 5, வவுனியா 6, சேர்த்துப் பார்த்தால் வன்னிப் பெருநிலத்துக்கு 20. பாதிக்கு மேல் நாங்கள். ஆனாலும் முதலமைச்சர் பெயர் என்று வந்தால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும்தான் தேடுவீர்கள், முல்லைத்தீவுப் பிரதேச சபையொன்றில் தேடினதாக நான் கேள்விப்படவில்லை. 25 வீதப் பெண்கள் இட ஒதுக்கீட்டில் சபைக்கு வந்த ஒரு அக்கா எங்கள் பக்கம் இருக்கிறா. கணவர் 2009இல் இல்லாமல் போனவர். முதல் வருடம் சபையில் வாயே திறக்கவில்லை, கேலி பண்ணினார்கள். இரண்டாம் வருடம் வரவு செலவுத் திட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மகளின் கொப்பியில் வரிவரியாக எழுதி, வீதி விளக்குக்கு ஒதுக்கின காசு ஏன் இரண்டு தலைப்பில் வருகிறது என்று கேட்டா. அன்றைக்குத் தவிசாளர் தண்ணீர் குடித்தார். இந்த அக்காவின் பெயர் உங்கள் எந்தக் குழுவின் மேசைக்கும் வந்திருக்காது, ஏனென்றால் அவவுக்கு ஆங்கிலத்தில் நேர்காணல் கொடுக்கத் தெரியாது.

ஆகவே கேட்கிறேன். மக்கள் வாக்கால் ஒரு சபைக்குப் போய் ஒரு முழுத் தவணையாவது இருந்திராத எவரையும் முதலமைச்சர் வேட்பாளராகப் போடாதீர்கள். பேராசிரியரும் நீதிபதியும் வைத்தியரும் வரட்டும், நல்ல வரவேற்பு, ஆனால் முதலில் சாதாரண உறுப்பினராக எங்களிடம் வாக்குக் கேட்கட்டும், இல்லையென்றால் ஆலோசகராகப் பக்கத்தில் இருக்கட்டும். பழைய ஆட்களுக்கும் அதே அளவுகோல்தான்: எத்தனை அமர்வுக்கு வந்தார், என்ன பிரேரணை கொண்டு வந்தார், எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார், ஒருங்கிணைப்புக் குழுவில் எழுப்பிய விடயத்தில் எத்தனை முடிந்தது என்று ஒரு தாளில் எழுதி, நியமனப் பத்திரம் கொடுக்கிறதுக்கு முன்பே ஊர்ச் சங்கங்களுக்கு அனுப்புங்கள், பின்பு இல்லை. வன்னி மாவட்டங்களின் பட்டியலில் பாதியாவது உள்ளூராட்சி சபைகளில் வேலை செய்து காட்டியவர்களாக இருக்க வேண்டும், அதில் பெண்களை எண்ணிக்கைக்காகக் கடைசியில் செருகாதீர்கள். அப்புறம், நீங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற அந்தப் பெயரை அறிவிக்கிறதுக்கு முன் ஒரு பின்னேரம் எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கூட்டி வாருங்கள். மாலை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், தேத்தண்ணி நாங்கள் தருவோம். 140 ஏக்கர்க் குளத்தின் துருசு உடைந்தால் யாரிடம் போவது, காசு எந்தத் தலைப்பில் வரும், ஆளுநர் எதைத் தடுக்கலாம், தடுத்தால் அவர் என்ன செய்வார் என்று மட்டும் கேட்போம்.

எங்கள் அமைப்பின் கூட்டம் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை. பதிலை எழுத்தில் தாருங்கள். கூட்டக் குறிப்பில் ஏற்றி, கொப்பியில் சீல் அடித்துத் திருப்பித் தருவேன்.

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரன் ஒருவன்,
முல்லைத்தீவு மாவட்டம்